பதுளை வீதியால் மலைக்கு

பேராதனையில் தொடங்கி கம்பளை, புசல்லாவ, றம்பொடை, நுவரெலியா, வெலிமடை, பதுளை, பசறை, லுணுகலை, பிபிலை, மகா ஓயா என்று இறங்கி வந்து செங்கலடிச் சந்தியில் முடிகின்ற ஏ5 நெடுஞ்சாலையின் நீளம் ஏறக்குறைய 275 கிலோமீற்றர். மட்டக்களப்பில் எவரும் அதனை ஏ5 என்று சொல்வதில்லை. எமக்கு அது பதுளை வீதி. கூலிக்கு வயல் வெட்டப் போகிறவர்களும், விறகுக்குப் போகிறவர்களும், படுவான்கரைப் பாடசாலைகளுக்குப் படிப்பிக்கப் போகின்ற ஆசிரியைகளும் நாளாந்தம் அந்தப் பெயரைச் சொல்கின்றார்கள். ஆனால் அந்த வீதியால் பதுளை வரைக்கும் போய் வந்த பெண்களைத் தேடினால் ஒரு கை விரல்கள் போதும். மலையகத்திற்குச் சுற்றுலா என்றால் பொலனறுவை, தம்புள்ளை, கண்டி என்று சுற்றிப் போவதுதான் எமது பகுதியின் வழக்கமாகிவிட்டது.

இதற்குக் காரணம் தூரமல்ல. செங்கலடிக்கு அப்பால் கறுப்புப் பாலத்தைத் தாண்டினால் வேறொரு நிருவாகம் என்றிருந்த காலம் நீண்ட காலம். 2002 ஆம் ஆண்டின் போர்நிறுத்த உடன்படிக்கைக்குப் பின்னரும் இரண்டு பக்கத்துச் சோதனைகளையும் கடந்தே போக வேண்டியிருந்தது. 2007 ஏப்ரலில் இராணுவம் இந்த வீதி முழுவதையும் தனது கட்டுப்பாட்டிற்குள் கொண்டுவந்தது. அதற்குப் பிறகு வீதியைத் திருத்தும் வேலைகள் தொடங்கின. அந்த வேலைக்கெனக் கொண்டுவரப்பட்டு கரடியனாறு பொலிஸ் நிலைய வளாகத்தில் வைக்கப்பட்டிருந்த வெடிமருந்து 2010 செப்டெம்பர் 17 அன்று வெடித்ததில் இருபதுக்கும் மேற்பட்டவர்கள் உயிரிழந்தார்கள். இன்று கார்ப்பெட் போட்டு வழுவழுப்பாக இருக்கின்ற இந்த வீதியில் வாகனங்கள் ஓடுகின்ற வேகத்தைப் பார்த்தால் இவையெல்லாம் எவருக்கும் ஞாபகம் வரப்போவதில்லை. ஆனால் எமது சங்கத்து அம்மாமார் சிலருக்குக் கறுப்புப் பாலத்தைத் தாண்டும்போது இன்னமும் கை தானாக அடையாள அட்டையைத் தேடுகின்றது.

நான் வேலை செய்கின்ற பகுதியில் உள்ள ஒரு மாதர் சங்கத்தில் முப்பத்துநான்கு பேர் இருக்கின்றார்கள். தமிழ்ப் பெண்களும் ஏறாவூர்ப் பக்கத்து முஸ்லிம் சகோதரிகளுமாகச் சேர்ந்து சிறு சேமிப்பு நடத்துகின்றவர்கள். 2025 மே மாதம் தொடக்கம் ஆளுக்கு மாதம் 500 ரூபா வீதம் ஒரு பயணத்திற்காகத் தனியாகச் சேர்க்கத் தொடங்கினார்கள். எங்கே போவது என்ற பேச்சு வந்தபோது முதலில் வந்தவை வழக்கமான பெயர்கள்தான். பதுளை வீதியால் ஏறிப் போனால் என்ன என்று கேட்டவர் ஒரு இளம் உறுப்பினர். அப்படிக் கேட்ட பிறகு வேறு பெயர் எடுபடவில்லை.

எமது பெண்கள் ஊரை விட்டு வெளியே போகாதவர்கள் அல்லர். கதிர்காமத்திற்குப் பாதயாத்திரை போகின்றார்கள். மத்திய கிழக்கிற்கு வீட்டு வேலைக்குப் போகின்றார்கள். பிள்ளையைத் தேடி முகாம் முகாமாகவும் ஆணைக்குழு ஆணைக்குழுவாகவும் போயிருக்கின்றார்கள். அந்தப் பயணங்கள் எல்லாவற்றிலும் சொல்வதற்கு ஒரு காரணம் இருந்தது. நேர்த்தி, உழைப்பு, நோய், துயரம் என்று ஏதோ ஒன்று. மலையைப் பார்க்கவும் குளிரில் கொஞ்ச நேரம் நிற்கவும் போகிறோம் என்றால் அது மட்டும் காரணமாக ஏற்றுக்கொள்ளப்படுவதில்லை. ஒருவர் என்னிடம் நேராகவே கேட்டார்: “மிஸ், என்னத்துக்குப் போறீங்க எண்டு அவர் கேட்டா நான் என்னத்தச் சொல்ற?” பக்கத்தில் இருந்த மாமி ஒருவர், “பாக்கப் போறம் எண்டு சொல்லு புள்ள. அவரு கிறிக்கட் பாக்கப் போகக்க நீ கேட்டயா?” என்றார். கூட்டம் சிரித்தது. ஆனால் கேள்வி கேட்டவரின் முகம் தெளிவதற்கு மேலும் இரண்டு மாதங்கள் சென்றன.

ஒரு பயணத்தைத் திட்டமிடுவதற்கு முன் யாராவது ஒரு தடவை அந்த வழியால் போய்ப் பார்த்து வரவேண்டும் என்பது எனது கொள்கை. படத்தில் பார்த்துத் தூரத்தை அளப்பது பெண்கள் குழுவுக்குப் போதாது. 2025 ஓகஸ்ட்டில் நானும் என்னுடன் வேலை செய்யும் ஒரு சகோதரியும் பஸ் மாறி மாறிப் போய்ப் பார்த்தோம். கையில் ஒரு கொப்பி. அதில் நாங்கள் எழுதியவற்றில் பாதி, மலசலகூடம் எங்கே இருக்கின்றது என்பதுதான்.

செங்கலடியிலிருந்து மகா ஓயா வரை வீதி அதிகம் வளைவதில்லை. இலுப்படிச்சேனை, கரடியனாறு, உறுகாமம், புல்லுமலை என்று வயலும் குளமும் பற்றைக் காடுமாகப் போகின்றது. புல்லுமலையில் 2018 ஆம் ஆண்டு ஒரு போத்தல் குடிநீர்த் தொழிற்சாலை அமைக்க முயன்றபோது நிலத்தடி நீர் வற்றிவிடும் என்று சனங்கள் எதிர்த்துப் போராடினார்கள். மட்டக்களப்பு நகரமே கடையடைப்புச் செய்தது. கோடையில் குடிநீருக்காகப் பெண்கள் குடத்துடன் நடக்கின்ற ஒரு ஊரில் அந்தப் போராட்டம் நடந்தது ஆச்சரியமல்ல. இந்தப் பகுதி யானை நடமாடும் பகுதி என்பதையும் மறந்துவிடக் கூடாது. மாலை ஆறு மணிக்குப் பிறகு இந்த வழியால் திரும்பி வருகின்ற மாதிரி எந்தத் திட்டமும் போடக்கூடாது என்று கொப்பியின் முதற்பக்கத்திலேயே எழுதிக்கொண்டோம். பின்னர் பல ஆசைகளை வெட்டியது அந்த ஒரு வரிதான்.

மகா ஓயாவில் இறங்கத்தான் வேண்டும். நகரிலிருந்து சிறிது தூரத்தில் வெந்நீர் ஊற்றுகள் இருக்கின்றன. திருகோணமலைக் கன்னியாவைப் போல இங்கும் சிறு சிறு கிணறுகளாகக் கட்டியிருக்கின்றார்கள். ஒவ்வொன்றிலும் சூடு ஒவ்வொரு அளவு. சிலவற்றில் கை வைக்கவே முடியாது. காலை ஏழு மணியளவில் போய்ச் சேர்ந்தால் கூட்டம் குறைவு. கொண்டுபோன காலைச் சாப்பாட்டையும் அங்கேயே முடித்துக்கொள்ளலாம். இதன் பிறகு பதியதலாவ. இங்கே மகியங்கனைப் பக்கமிருந்து வருகின்ற கண்டி வீதி, அதாவது பதினெட்டு வளைவு வீதி, வந்து சேர்கின்றது. எமது வாகனம் நேராகப் பிபிலைக்குப் போகும். இந்தப் பகுதி முழுவதும் சிங்களக் கிராமங்கள். வீதியோரத்தில் அவித்த சோளமும் பழங்களும் விற்கின்ற பெண்களுடன் பேசுவதற்கு எமது குழுவில் சிங்களம் தெரிந்தவர்கள் மூன்று பேர் மட்டுமே. மூவரும் வெளிநாட்டு வேலைக்கு முன் கொழும்பில் நின்று பழகியவர்கள். அவர்களைப் பஸ்ஸின் முன்பக்கம், நடு, பின்பக்கம் என்று பிரித்து இருத்துவது நல்லது என்று தீர்மானித்தோம்.

பிபிலை தோடம்பழத்திற்குப் பெயர் பெற்றது. 1818 ஆம் ஆண்டு ஆங்கிலேயருக்கு எதிராக எழுந்த ஊவா வெல்லஸ்ஸ கிளர்ச்சியின் மண்ணும் இதுதான். அந்தக் கிளர்ச்சியை அடக்குவதற்காக வயல்களையும் குளங்களையும் பழமரங்களையும்கூட அழித்தார்கள் என்று படித்திருக்கின்றோம். பிபிலைக்குப் பிறகுதான் நாம் தேடிப் போகின்ற வளைவுகள் தொடங்குகின்றன. பஸ் சத்தம் மாறுகின்றது. காது அடைக்கின்றது. ஒரு பக்கம் மலை, மறுபக்கம் ஆழம். ஒரு வளைவில் கீழே தெரிகின்ற வீதி நாம் பத்து நிமிடங்களுக்கு முன் வந்த வீதிதான் என்று விளங்கும்போது வயிற்றுக்குள் ஏதோ செய்யும். லுணுகலைப் பக்கம் இறப்பரும் தேயிலையும் மிளகுக் கொடியும் அடுத்தடுத்து வருகின்றன. பள்ளத்தாக்குகளில் படிப்படியாக வெட்டிய வயல்கள். எமது வயலைப் போல கண்ணுக்கெட்டிய தூரம் விரிந்தவையல்ல, ஒரு பாயை விரித்த அளவில் ஒன்றின் மேல் ஒன்றாக. பசறையை நெருங்கும்போது 2,000 மீற்றருக்கும் மேல் உயர்ந்த நமுனுகுல மலை தெரியத் தொடங்குகின்றது. அதன் உச்சி முகிலுக்குள் போய்ப் போய் வரும்.

ஒரு விடயம் எனக்குப் புதினமாக இருந்தது. ஆடி, ஆவணியில் மட்டக்களப்பில் எம்மை வாட்டுகின்ற கச்சான் காற்று எங்கிருந்து வருகின்றது என்று நான் யோசித்ததே இல்லை. தென்மேற்குப் பருவக்காற்று மலையின் மறுபக்கத்தில் மழையைக் கொட்டிவிட்டு, ஈரம் இழந்து, ஊவாவின் பக்கமாக இறங்கி வருகின்றது. அந்த உலர்ந்த காற்றும் வெயிலும் பட்டுத்தான் ஊவாத் தேயிலைக்கு யூலை முதல் செப்டெம்பர் வரை அதன் விசேட வாசம் வருகின்றது. உலகச் சந்தையில் அதற்குத் தனி விலை. அதே காற்று இன்னும் கீழே இறங்கி எமது முற்றத்தில் புழுதியைக் கிளப்புகின்றது. நாங்கள் உதடு வெடித்து நிற்கின்ற மாதங்களில்தான் அங்கே கொழுந்து நல்ல விலை போகின்றது. அந்த விலையில் எவ்வளவு கொழுந்து பறிக்கின்ற கைக்குப் போகின்றது என்பது வேறு கதை.

இந்த இடத்தில் ஒன்றைச் சொல்ல வேண்டும். மலைநாட்டுச் சுற்றுலா என்றால் கொழுந்துக் கூடையுடன் நிற்கின்ற பெண்களுக்குப் பக்கத்தில் நின்று படம் எடுப்பது ஒரு சடங்கு போலாகிவிட்டது. அவர்களுக்கு அது வேலை நேரம். நிறை குறைந்தால் அரை நாட்பேர்தான் விழும். அந்த மலைகளைத் தேயிலை மலைகளாக ஆக்கிய சமூகத்தின் பிரசாவுரிமையை 1948 இல் ஒரு சட்டம் பறித்தது. மிச்சமிருந்தவர்களுக்கும் அது சட்டப்படி கிடைத்தது 2003 ஆம் ஆண்டில். அப்படிப்பட்ட ஒரு பெண்ணை மலையின் அலங்காரமாகப் பார்ப்பது சரியல்ல என்பது எனது அபிப்பிராயம். மகா ஓயாவுக்குப் பக்கத்தில் பொல்லேபெத்தையில் வாழும் வேடுவ மக்களைப் “பார்க்க” போகலாமா என்று ஒருவர் கேட்டபோதும் இதையே சொன்னேன். எம்மை யாராவது முகாமில் இருந்த காலத்தில் பஸ் பிடித்து வந்து பார்த்துவிட்டுப் போயிருந்தால் எப்படி இருந்திருக்கும் என்று ஒரு அக்கா கேட்டார். உண்மையில் அப்படி வந்தவர்களும் உண்டு. கேட்காமல் எவரையும் படம் எடுப்பதில்லை என்று எல்லோரும் ஒத்துக்கொண்டோம்.

இனிப் பயத்தைப் பற்றிப் பேசலாம். பயப்படுவதற்குக் காரணங்கள் இருக்கின்றன. 2021 மார்ச் 20 அன்று லுணுகலையிலிருந்து புறப்பட்ட பஸ் ஒன்று பசறை 13ஆம் கட்டைப் பகுதியில் பள்ளத்தில் விழுந்து பதினான்கு பேருக்குக் குறையாமல் இறந்தார்கள். பாறை விழுந்து வீதி ஒடுங்கியிருந்த இடத்தில் அது நடந்தது. 2025 மே 11 விடியற்காலையில் இதே ஏ5 வீதியில், கொத்மலை கெரண்டிஎல்லப் பகுதியில் ஒரு பஸ் விழுந்து இருபதுக்கும் மேற்பட்டோர் போனார்கள். நாங்கள் வழி பார்த்துத் திரும்பி வந்த சில நாட்களில், செப்டெம்பர் 4 இரவு, எல்ல – வெல்லவாய வீதியில் சுற்றுலா முடித்துத் திரும்பிக்கொண்டிருந்த தங்காலை நகர சபை ஊழியர்களின் பஸ் பள்ளத்தில் விழுந்து 15 பேர் உயிரிழந்தார்கள். எங்களைப் போலவே மாதக்கணக்கில் திட்டமிட்டு, சிரித்துக்கொண்டு போனவர்களாகத்தான் அவர்களும் இருந்திருப்பார்கள். அடுத்த கூட்டத்திற்கு ஒன்பது பேர் வரவில்லை. இருவர் காசைத் திருப்பிக் கேட்டார்கள்.

நாங்கள் அவர்களைச் சமாதானப்படுத்த முயலவில்லை. அதற்குப் பதிலாக, மலைப்பாதையில் நாற்பது வருடங்கள் லொறி ஓட்டி ஓய்வுபெற்ற ஒரு ஐயாவைக் கூட்டத்திற்கு அழைத்தோம். அவர் சொன்னவை மிகவும் எளிமையானவை. ஏறும்போது எந்தக் கியரோ இறங்கும்போதும் அதே கியர். பிரேக்கை மட்டும் நம்பி இறங்கினால் பிரேக் சூடாகிப் பிடிக்காமல் போகும். எரிந்த றப்பர் மணம் வந்தால் உடனே நிற்பாட்டி ஆறவிட வேண்டும். ஏறிவருகின்ற வாகனத்திற்கு இறங்குகின்றவர் இடம் கொடுக்க வேண்டும். வளைவில் ஹோர்ன் அடிக்கக் கஞ்சத்தனம் கூடாது. மழையிலும் இரவிலும் இறங்கக் கூடாது. “பஸ்ஸப் பாத்துப் பிடிக்காதீங்க மகள், ட்றைவரப் பாத்துப் பிடியுங்க” என்றார். அதன்படி மூன்று இடங்களில் விலை கேட்டபோது நாங்கள் பாட்டுப்பெட்டியைப் பற்றியோ குளிரூட்டியைப் பற்றியோ கேட்கவில்லை. சாரதி இந்த வீதியில் முன்பு ஓடியிருக்கின்றாரா, முதல் நாள் இரவு அவருக்கு வேறு ஓட்டம் இருக்கின்றதா, அவர் படுப்பதற்கு நாங்கள் இடம் ஒழுங்கு செய்ய வேண்டுமா என்று கேட்டோம். ஒருவர் தொலைபேசியை வைத்துவிட்டார். பொம்பிளைகள் ட்றைவருக்குப் பரீட்சை வைக்கிறாங்களோ என்று மற்றவர் கேட்டார். மூன்றாமவர் மட்டும் ஒவ்வொன்றுக்கும் பதில் சொன்னார். அவருடைய விலை கூடத்தான். அவரையே பேசிக்கொண்டோம். காசு கேட்ட இருவரில் ஒருவர் திரும்பி வந்துவிட்டார். மற்றவருடைய இடத்திற்கு அவருடைய மருமகள் வருகின்றார்.

அடுத்த பிரச்சினை இரவு. செங்கலடியிலிருந்து நுவரெலியா ஏறக்குறைய 200 கிலோமீற்றர். காலை ஐந்து மணிக்குப் புறப்பட்டால் தங்கித் தங்கிப் பதுளைக்கு மாலை மூன்று, நான்கு மணியாகும். இரவு அங்கே தங்கி, மறுநாள் நுவரெலியா போய், அங்கு இரண்டு மணித்தியாலம் நின்றால்கூட, திரும்பிப் புல்லுமலைக் காட்டைத் தாண்டும்போது இரவு எட்டு மணி. முதற்பக்கத்தில் எழுதிய வரி அதற்கு இடம் கொடுக்காது. ஆகவே இரண்டு இரவு தங்க வேண்டும், அல்லது நுவரெலியாவை விட வேண்டும். நான் இரண்டு இரவு என்ற பக்கம். பத்து மாதம் காசு சேர்த்து, இவ்வளவு தூரம் ஏறி, ஓடி ஓடிப் பார்ப்பதில் என்ன இருக்கின்றது? ஆனால் வாக்கெடுப்பில் பத்தொன்பதுக்குப் பதினைந்து என்று எனது பக்கம் தோற்றது. தோற்கடித்தது வளைவுகளோ யானையோ அல்ல. ஒரு இரவுக்கு அடுப்பைப் பார்க்க வீட்டில் ஆள் பிடிக்கலாம், இரண்டு இரவுக்கு முடியாது என்பதுதான் பத்தொன்பது பேரின் கணக்கு. படுக்கையில் இருக்கின்ற மாமியார், பரீட்சைக்குப் படிக்கின்ற பிள்ளை, கடலுக்குப் போய் விடியற்காலை வருகின்ற கணவன். சமூகவியல் வகுப்பில் பெண்ணின் ஊதியமற்ற உழைப்பு என்று நாம் குறிப்பெடுத்த விடயம் இங்கே வாக்குச்சீட்டாக வந்து விழுந்தது.

எனவே இரண்டாம் நாள் காலை ஆறு மணிக்குப் பதுளையிலிருந்து ஹாலிஎல, வெலிமடை வழியாக ஏறி, ஹக்கலையுடன் திரும்புவது என்று முடிவாயிற்று. 1861 இல் சிங்கோனாப் பயிருக்காகத் தொடங்கப்பட்ட ஹக்கலைப் பூந்தோட்டமும், அதற்கு அடுத்தாற்போல் சீதாஎலிய அம்மன் கோயிலும் ஒரே வீதியில் இருக்கின்றன. கோயிலுக்குப் போகின்றவர்கள் போக, முஸ்லிம் சகோதரிகளும் மாதவிடாய் காரணமாகக் கோயிலுக்குப் போக விரும்பாதவர்களும் பூந்தோட்டத்தில் இருக்கலாம். நல்ல குளிர் அங்கேயே இருக்கின்றது. நுவரெலியா நகரம் இன்னும் பத்துக் கிலோமீற்றர் அளவுதான். “பத்துக் கட்டை கூட இல்ல, அதையும் பாக்காம வந்து நுவரெலியாக்குப் போனம் எண்டு எப்படிச் சொல்ற?” என்று ஒருவர் ஆதங்கப்பட்டார். ஹக்கலை நுவரெலியா மாவட்டத்திற்குள்தான் இருக்கின்றது, ஆகவே தாராளமாகச் சொல்லலாம் என்று சட்டம் பேசி அவரை ஆற்றினோம். தெமோதரை ஒன்பது வளைவுப் பாலத்தில் நின்று படம் எடுக்க வேண்டும் என்ற இளையவர்களின் ஆசையும் இதே கணக்கில்தான் போயிற்று. அவர்கள் இன்னமும் என்னோடு கோபம்.

சாப்பாடு பெரிய பிரச்சினையில்லை. முதல் நாளைக்கு எல்லாரும் வீட்டிலிருந்து சோற்றுப் பார்சல். இரண்டாம் நாள் மதியம் வெலிமடையில். அங்கே முஸ்லிம் கடைகள் இருப்பதால் ஹலால் பற்றிய யோசனை இல்லை. வெலிமடைச் சந்தையில் மரக்கறி வாங்க எல்லோரும் பை கொண்டுவருவதாகச் சொல்லியிருக்கின்றார்கள். முப்பத்துநான்கு பேரும் கோவாவும் லீக்ஸும் ஏற்றினால் பஸ் ஏறுமா இறங்குமா என்பது அன்றைக்குத்தான் தெரியும்.

ஆனால் தண்ணீர் குடிப்பதைப் பற்றி விரிவாகப் பேச வேண்டியிருந்தது. தூரப் பயணம் என்றால் எமது பெண்கள் முதல் நாள் இரவிலிருந்தே தண்ணீர் குடிப்பதைக் குறைத்து விடுகின்றார்கள். மலசலகூடத்திற்காகப் பஸ்ஸை நிற்பாட்டச் சொல்ல வெட்கம். பிறகு தலையிடி, சத்தி, சலக்கடுப்பு. ஆண்கள் ஒரு மரத்தின் பின்னால் முடித்துக்கொள்கின்ற காரியம் பெண்ணுக்கு நோயாகின்றது. ஆகவே நிற்கின்ற இடங்களை ஆசையை வைத்துத் தீர்மானிக்காமல் சிறுநீர்ப்பையை வைத்துத் தீர்மானித்தோம். ஒன்றரை மணித்தியாலத்திற்கு ஒரு தடவை நிற்பது. வெந்நீர் ஊற்று, பிபிலை பஸ் நிலையம், லுணுகலையில் நாம் சாப்பாட்டுக்கு ஒதுங்கவுள்ள ஒரு மண்டபம், பதுளை. எவர் கேட்டாலும் கேட்காவிட்டாலும் பஸ் நிற்கும். நாப்கின், பழைய பத்திரிகைத் தாள், சொப்பிங் பைகள், சவர்க்காரம் ஒரு வாளியில். சத்தி வருகின்றவர்கள் முன் ஆசனத்தில் இருக்க வேண்டும், வெறும் வயிற்றோடும் வரக்கூடாது, மூக்குமுட்டச் சாப்பிட்டும் வரக்கூடாது. தேசிக்காயும் இஞ்சியும் ஆளுக்கொரு துண்டு. வளைவில் தொலைபேசியைப் பார்க்காமல் தூரத்தைப் பார்த்தால் பாதிச் சத்தி நிற்கும்.

அறுவடை முடிந்து 2026 மார்ச்சில் போவதாக இருந்தோம். நவம்பர் இறுதியில் டித்வா புயல் வந்தது. நாடு முழுவதிலும் அறுநூறுக்கும் மேற்பட்ட உயிர்கள் போயின. பதுளை, நுவரெலியா, கண்டி மாவட்டங்களில் மலைகள் சரிந்து லயன்களையும் வீடுகளையும் மூடின. ஏ5 வீதியும் தப்பவில்லை. எமது ஊர்களிலும் வெள்ளம். டிசம்பர்க் கூட்டத்தில், “அங்க சனம் மண்ணுக்க புதைஞ்சு கிடக்கு, நாம அழகு பாக்கப் போறதா?” என்று கேட்டவருக்கு எவரும் உடனே பதில் சொல்லவில்லை. அதுவரை சேர்ந்திருந்த காசில் ஒரு மாதத்துப் பங்கான 17,000 ரூபாவைப் பசறைப் பக்கத்தில் வேலை செய்கின்ற பெண்கள் குழு ஒன்றின் மூலம் நாப்கினும் பிள்ளைகளின் உள்ளுடுப்பும் வாங்க அனுப்பினோம். மிச்சக் காசைப் பிரித்துக்கொள்வதா என்ற கேள்வி வந்தது. அந்தக் குழுவின் பொறுப்பாளரிடமே தொலைபேசியில் கேட்டோம். வீதி சரியானதும் வாருங்கள், இங்கு கடை வைத்திருக்கிறவர்களும் ஓட்டோ ஓட்டுகிறவர்களும் சனம் வந்தால்தான் சாப்பிடலாம் என்றார். ஆகவே பயணம் ஆடி அமாவாசைத் தீர்த்தம் முடிந்து வருகின்ற கிழமைக்குத் தள்ளிப்போடப்பட்டது. ஊவாப் பக்கத்தில் அது வறண்ட காலம். அப்படியிருந்தும், புறப்படுவதற்கு முதல் நாள் 117 இலக்கத்திற்கு எடுத்து மண்சரிவு எச்சரிக்கை இருக்கின்றதா என்று கேட்பது ஒருவருக்குப் பொறுப்பாக்கப்பட்டிருக்கின்றது. பதுளை மாவட்டத்திற்கு எச்சரிக்கை இருந்தால் மகா ஓயா வெந்நீர் ஊற்றுடன் திரும்பி வருவது. 1990 அம்புலன்ஸ் இலக்கம் எல்லோருடைய தொலைபேசியிலும் பதியப்பட்டிருக்கின்றது.

சங்கத்தில் ஒரு அக்கா இருக்கின்றார். ஐம்பது வயதைத் தாண்டியவர். லுணுகலைக்கு மேலே ஒரு தோட்டத்தில் பிறந்தவர். 1983 யூலை வன்செயலின்போது பத்து வயதில் பெற்றோருடன் லொறியில் இந்த வீதியால் இறங்கி வந்து புல்லுமலைப் பக்கம் குடியேறினார். 1990 இல் அங்கிருந்தும் ஓட வேண்டி வந்தது, அதே வீதியால் இன்னும் கீழே. நாற்பது வருடங்களாக அவர் மேலே போனதில்லை. வழி பார்க்கப் போனபோது லுணுகலையில் அவருடைய தோட்டத்தையும் டிவிசனையும் சொல்லி விசாரித்தோம். ஓட்டோவில் அரை மணித்தியாலம் என்றார்கள். பஸ் ஏறாது. அவர் போய்வர எப்படியும் இரண்டரை மணித்தியாலம் வேண்டும். அப்படிச் செய்தால் அன்று மாலை 64 மீற்றர் உயரத்திலிருந்து விழுகின்ற துன்ஹிந்த நீர்வீழ்ச்சியைப் பார்க்க முடியாது, ஏனென்றால் வாகனம் நிற்கின்ற இடத்திலிருந்து அதற்கு ஒரு கிலோமீற்றருக்கு மேல் நடக்க வேண்டும். நீர்வீழ்ச்சியை வேண்டாமென்று சொல்லும்படி அவர் எவரையும் கேட்கவில்லை. “நான் பஸ்சுக்குள்ள இருந்தே மேல பாத்திட்டு வாறன், அது போதும்” என்றுதான் சொன்னார். துன்ஹிந்தவுக்கு அதிகம் ஆசைப்பட்ட அந்த இளம் உறுப்பினர்தான் எழுந்து, துன்ஹிந்தவை வெட்டச் சொல்லிக் கொப்பியை என்னிடமிருந்து வாங்கினார். ஒருவர் முணுமுணுத்தார். அதையும் எழுதத்தான் வேண்டும்.

டித்வாவுக்குப் பிறகு அந்த டிவிசனில் சில குடும்பங்களைப் பாடசாலைக்கு மாற்றினார்கள் என்றும், பழைய லயன் நிற்கின்றது என்றும் பசறைக் குழு அறிவித்தது. அவர் பிறந்த காம்பராவில் இப்போது யார் இருக்கின்றார்கள் என்று தெரியாது. ஓட்டோ இரண்டு பேசியிருக்கின்றோம், ஆறு பேர் போகலாம். அக்கா இரண்டு முட்டி எருமைத் தயிரும் ஒரு பார்சல் கருவாடும் கொண்டுவருவதாகச் சொல்லியிருக்கின்றார். தயிர் முட்டியை அத்தனை வளைவுகளிலும் உடையாமல் மடியில் வைத்திருப்பது யார் என்பது மட்டும் இன்னும் முடிவாகவில்லை.